தோட்டத்துப் பறவைக் கணக்கை நகராண்மைக் கழகத்தின் மேசைக்குக் கொண்டுபோவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மறுநடவோ வீடமைப்புத் திட்டமோ வரும்போது, "இந்த ஆற்றோரத்தில் எத்தனையோ பறவைகள் இருக்கின்றன, விட்டுவையுங்கள்" என்று நாம் கேட்பதும், எதிரில் இருப்பவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தம் வேலையைத் தொடர்வதும் வழக்கமாகிவிட்டது. பறவைகள் இருப்பது அவருக்கும் தெரியும். எந்த லாட்டில், அதாவது எண்ணிட்ட எந்த நிலத்துண்டில், எந்தப் பறவை இருக்கிறது, அது இருப்பதால் அந்த நிலத்தைப் பற்றி என்ன தெரிகிறது, அதற்காக எத்தனை மீட்டரை விட்டுவைக்க வேண்டும் என்பவை தாளில் இல்லாத வரை, திட்ட அதிகாரியால் நம் பேச்சை வைத்து எதுவும் செய்ய இயலாது. அந்தத் தாளைத் தயாரித்து, அது திரும்பி வந்து, மறுபடியும் கொடுத்து அலைந்த பின் இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி இயற்கைக் கழக ஆசிரியர்களுக்கும், தோட்டத்து இளைஞர்களுக்கும், குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் இது பயன்படும். பறவை பார்ப்பதில் முன் அனுபவம் தேவையில்லை. பொறுமையும் விடியற்காலையில் எழும் பழக்கமும் தேவை.

1. முதலில் கோரிக்கையை எழுதுங்கள்

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் பறவைகளைப் பார்த்து நீண்ட பட்டியல் ஒன்றைச் சேர்த்தபின், இதை வைத்து என்ன கேட்கலாம் என்று யோசிக்கிறார்கள். நீங்கள் ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்குங்கள்: "இன்ன லாட்டில் ஓடும் இன்ன சிற்றாற்றின் இரு கரையிலும் இத்தனை மீட்டர் மரங்களை வெட்டாமல் விட வேண்டும்." எந்தப் பறவைகளை எண்ணுவது, எங்கே நின்று எண்ணுவது என்பதெல்லாம் இந்த வாக்கியத்திலிருந்துதான் பிறக்கும்.

மீட்டர் கணக்கை மனம்போனபடி எழுதக்கூடாது. ஆற்றோர ஒதுக்கு நிலத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின், அதாவது ஜே.பி.எஸ்.ஸின், வழிகாட்டி அளவுகள் உள்ளன. ஆற்றின் அகலம் 5 மீட்டருக்குக் குறைவானால் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் ஆற்றுக்கு 10 மீட்டர். 10 முதல் 20 மீட்டர் ஆற்றுக்கு 20 மீட்டர். 20 முதல் 40 மீட்டர் ஆற்றுக்கு 40 மீட்டர். அதற்கும் அகலமான ஆற்றுக்கு 50 மீட்டர். சுங்கை பிளஸ் போன்ற ஆற்றுக்கு இது போதுமானதாகத் தோன்றலாம், ஆனால் அதில் வந்து சேரும் சிற்றாறுகளுக்கு 5 மீட்டர் என்பது ஒரு வரிசை மரம்கூட நிற்காத அளவு. சபாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஆற்றோரக் காடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, காட்டுப் பறவைகளுக்குப் பயன்பட வேண்டுமானால் ஒவ்வொரு கரையிலும் குறைந்தது 40 மீட்டர் இயற்கைத் தாவரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வழிகாட்டி அளவுக்கும் இந்த 40 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதிக்காகத்தான் உங்கள் பறவைக் கணக்கு வாதாடப் போகிறது.

2. அனுமதிகளை எழுத்தில் வாங்குங்கள்

தோட்டம் தனியார் நிலம். வேலைக் கண்காணியான மண்டோரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு உள்ளே போவது நட்புக்குச் சரி, ஆவணத்துக்கு உதவாது. மேனேஜருக்கு மலாய்மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். போகப்போகிறவர்களின் பெயர், அடையாள அட்டை எண், நாட்கள், நேரம், போகும் பீல்டு (தோட்டத்தின் நடவுப் பகுதி) எண்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். பள்ளி அல்லது சங்கத்தின் முத்திரையோடு போனால் பதில் விரைவாக வரும். பதிலைக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அறிக்கையின் இணைப்பில் அதுதான் முதல் தாள். மேனேஜர் மாறினால் புதியவரிடம் மறுபடியும் வாங்க வேண்டும்.

நிரந்தர ஒதுக்குக் காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தின் நுழைவு அனுமதி தேவை. காட்டோரத்தில் பழங்குடியினரான ஒராங் அஸ்லி கிராமம் இருந்தால் அதன் தலைவரான தோக் பாத்தினை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அவர்கள் சொல்லும் பறவைத் தகவல் நம் தொலைநோக்கி காட்டுவதைவிடப் பெரும்பாலும் துல்லியமானது. வெறுமனே பார்த்து எண்ணுவதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டியதில்லை. வலை கட்டிப் பிடிப்பது, கால்வளையம் மாட்டுவது, முட்டை எடுப்பது ஆகியவை 2010ஆம் ஆண்டின் 716ஆம் எண் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, ஆகவே உரிமமின்றி அந்தப் பக்கமே போகாதீர்கள்.

3. எந்தப் பறவை எதைச் சொல்கிறது என்பதைத் தீர்மானியுங்கள்

ஒரு நிலத்தில் உள்ள செடி, பூச்சி, தவளை, மண்ணுயிர் அனைத்தையும் எண்ண நமக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. பறவை பகலில் கண்ணில் படுகிறது, குரல் கொடுக்கிறது, அதன் தீனியும் கூடும் நன்றாக ஆராயப்பட்டிருக்கின்றன. ஆகவே சில பறவைகள் இருப்பதை வைத்து, அவற்றுக்குத் தேவையான மற்றவையும் இருக்கின்றன என்று ஓரளவுக்குச் சொல்ல முடிகிறது. அந்த 'ஓரளவு' என்ற சொல் உங்கள் அறிக்கையிலும் இருக்க வேண்டும்.

மொத்த இன எண்ணிக்கையை நிலத்தின் நிலையைக் காட்டும் சுட்டியாக வைக்காதீர்கள், ஏனெனில் காட்டை அழித்த முதல் ஆண்டில் அந்த எண்ணிக்கை சில இடங்களில் ஏறவும் செய்யும். மைனாவும் புள்ளிப்புறாவும் உண்ணிக்கொக்கும் வெட்டவெளிக்கு வந்து சேர்வதே காரணம். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதுதான் கேள்வி. தென் தாய்லாந்தில் தாழ்நிலக் காட்டைச் செம்பனையும் ரப்பருமாக மாற்றிய இடங்களில் பறவை இனங்கள் குறைந்தது 60 விழுக்காடு குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. போனவை பெரும்பாலும் காட்டை நம்பி வாழ்பவை.

நம் வட்டாரத்துக்கு நான்கு கூட்டங்களாகப் பிரித்துக்கொள்வது போதும். முதலாவது, பொந்துள்ள பெரிய மரங்களை நம்பியவை: இருவாச்சிகளும் பெரிய மரங்கொத்திகளும். இங்கேயும் வேறுபாடு உண்டு. கெலிங்கிங் இருவாச்சி காட்டோரத்திலும் கம்பத்துப் பழமரங்களிலும் பிழைத்துக்கொள்ளும். அதைக் கண்டதும் பெரிய காடு நலமாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. கொம்பு இருவாச்சிக்கோ விரிந்த காடு வேண்டும். இரண்டாவது, காட்டின் அடித்தட்டு நிழலில் பூச்சி தின்பவை: சிலம்பன்கள், தீக்காக்கைகள், முராய் பத்து எனப்படும் சோலைப்பாடி. இவற்றில் பல செம்பனையின் வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். ஆற்றோரப் பட்டையில் இவற்றின் குரல் கேட்டால், அந்தப் பட்டை வழியாகக் காட்டோடு தொடர்பு இருப்பதற்கு அது நல்ல சான்று. மூன்றாவது, நீரை நம்பியவை. நான்காவது, எங்கும் வாழ்பவை: மஞ்சள்வால் கொண்டைக்குருவி, மைனா, புள்ளிப்புறா, காகம், செண்பகம். இந்த நான்காம் கூட்டத்தையும் தவறாமல் எண்ணுங்கள், அவை கூடுவதும் ஒரு செய்திதான்.

மூன்றாம் கூட்டத்தில் மீன்கொத்தியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மின்கம்பியிலும் பள்ளித் திடலின் வேலியிலும் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் வெண்மார்பு மீன்கொத்திக்கு ஆறே தேவையில்லை, ஆதலால் அது ஆற்றைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நீலக்காது மீன்கொத்தி வேறு வகை: மரங்கள் குடைபிடித்த தெளிந்த ஓடையின் மேல், தாழ்ந்த கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கரை மரங்களை வெட்டி, மண் சரிந்து நீர் கலங்கினால் அதற்கு அங்கே வேலையில்லை. குளிர்காலத்தில் வலசை வரும் சாதாரண மீன்கொத்தியோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. வலசை வருவதற்குக் காதருகே செம்பழுப்புத் திட்டு இருக்கும், நீலக்காதுக்கு அந்த இடமும் நீலம். ஆனால் நீலக்காதின் இளம் பறவைக்கும் செம்பழுப்பு உண்டு என்பதால், படம் இல்லாத பதிவை 'மீன்கொத்தி, இனம் உறுதியில்லை' என்றே எழுதுங்கள். அப்படி எழுதிய வரிகள் சில இருக்கும் தாளைத்தான் விவரம் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

பத்துப் பன்னிரண்டு இனங்களுக்கு மேல் சுட்டிகளாக வைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அது எதை நம்பி வாழ்கிறது, உங்கள் லாட்டில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

4. எண்ணும் இடமும் நேரமும்

நகரும்போது எண்ணுவதைவிட நின்று எண்ணுவது புதியவர்களுக்கு எளிது. ஒவ்வொரு புள்ளியிலும் 10 நிமிடம் நின்று, சுற்றிலும் 50 மீட்டர் தூரத்துக்குள் கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். தலைக்கு மேல் பறந்து போனவற்றுக்கு வேறு கட்டம் வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே குறைந்தது 200 மீட்டர் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே பறவை இரண்டு முறை தாளில் ஏறிவிடும். ஆற்றோரத்தில் மட்டும் நின்றால் ஒப்பிட எதுவும் இராது. ஆற்றோரம், முதிர்ந்த செம்பனை, காட்டோரம் ஆகிய மூன்றிலும் சம எண்ணிக்கையில் புள்ளிகள் வேண்டும்.

நம் ஊரில் பொழுது 7 மணியை ஒட்டித்தான் விடிகிறது. காலை 7 முதல் 9.30 வரை எண்ணுங்கள், அதற்குமேல் குரல் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்காமல் வரிசையை மாற்றுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் எண்ணாதீர்கள். குலை அறுக்கும் நாளிலும் மருந்தடிக்கும் நாளிலும் அந்தப் பீல்டில் எடுத்த கணக்கு செல்லாது, ஆகவே வேலை அட்டவணையை மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மே முதல் ஜூலை வரை எடுப்பது உள்ளூர்ப் பறவைகளின் கணக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை எடுப்பதில் வலசைப் பறவைகளும் சேரும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் உங்கள் எல்லையில் இருந்தால், ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு அந்த எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

5. கணக்கை ஏமாற்றுபவை

தோட்டத்து வீடுகளில் மெர்போக் புறாவும் முராய் பத்துவும் கூண்டில் தொங்குகின்றன. லயத்துக்கு அருகே உள்ள புள்ளியில் கேட்ட அருமையான பாட்டு, காட்டிலிருந்து வந்ததா, யாரோ ஒரு மாமாவின் வீட்டு முன்நடையிலிருந்து வந்ததா என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குடியிருப்பிலிருந்து தள்ளிப் புள்ளி வைப்பதே நல்லது.

கடைவீட்டு மேல்மாடிகளில் வாலிட் எனப்படும் உழவாரனின் கூட்டுக்காக ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தால், வானில் சுற்றும் உழவாரன்களின் எண்ணிக்கை அந்த முதலாளியின் முதலீட்டைத்தான் காட்டும். குப்பை சேரும் இடத்துக் காகங்களுக்கும் இதே கணக்கு. செம்பனைக்குள் பெட்டி வைத்து வளர்க்கப்படும் கூகை எலிக்காக நிறுத்தப்பட்ட காவல்காரன், எனவே அதைப் பல்லுயிர்ச் சுட்டி என்று எழுதினால் அறிக்கையைப் படிக்கும் வேளாண் அதிகாரியே சிரிப்பார். அது வேறொன்றைச் சொல்லும். பெட்டிக்கடியில் எலும்பும் மயிருமாகக் கக்கிய உருண்டைகள் புதிதாகக் கிடக்கின்றனவா, பெட்டிகள் காலியாகிக்கொண்டே வருகின்றனவா என்று பாருங்கள். எலிவிஷம் எலியின் வழியாகக் கூகைக்குப் போவதால், காலிப் பெட்டிகளைப் பற்றி மேனேஜரிடம் தனியாகக் கேட்பது தகும்.

கோயில் ஆலமரமும் அரசமரமும் பழுத்திருக்கும் வாரத்தில் பச்சைப்புறாக்களும் மைனாக் குடும்பத்துப் பெர்லிங் கூட்டங்களும் குயில்களும் வந்து குவியும். எண்ணுங்கள், ஆனால் 'மரம் பழுத்திருந்தது' என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால், மறு ஆண்டு எண்ணிக்கை பாதியாகும்போது இல்லாத அழிவுக்குக் காரணம் தேட வேண்டிவரும்.

கைப்பேசியில் குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல துணை, சாட்சி ஆகாது. செயலி சொன்னதைக் கண்ணாலோ, ஒலிப்பதிவை அனுபவமுள்ளவரிடம் கொடுத்தோ உறுதி செய்யுங்கள். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தின் கிளை உறுப்பினர்கள் இவ்வகை உதவிக்குத் தயங்குவதில்லை. பறவையை வெளியே வரவைக்க அதன் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவது கணக்கையும் கெடுக்கும், பறவையையும் அலைக்கழிக்கும்.

6. செலவு

எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் கண்ணாடியும் கொண்ட தொலைநோக்கி ஒன்று குழுவுக்குப் போதும்; இன்னொன்றை இரவல் வாங்குங்கள். செலவு பெரும்பாலும் இதற்கும் பெட்ரோலுக்கும் வண்ண அச்சுக்கும்தான். மெர்லினும், பறவைப் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் தளமும் இலவசம். விலை உயர்ந்த கேமரா வாங்கப் பணம் திரட்டத் தொடங்கினால் கணக்கெடுப்பு அங்கேயே நின்றுவிடும். அட்டைக்கு எதிராக முழங்கால்வரை காலுறை, ரப்பர் காலணி, முதலுதவிப் பை ஆகியவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள். மாணவர்கள் வந்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் காப்புறுதியும் பள்ளி வழியாகவே போகட்டும்.

7. அறிக்கையில் இருக்க வேண்டியவை

மலாய்மொழியில், இணைப்பு நீங்கலாக நான்கு பக்கம். முதல் பக்கத்தில், முதலில் எழுதிய அந்தக் கோரிக்கை வாக்கியம். அடுத்து வரைபடம். ஓர் அலுவலகத்தில் எங்கள் தாள் திரும்பி வந்தது, லாட் எண்ணும் முக்கிம் எனும் நிலப் பிரிவின் பெயரும் வரைபடத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால். உள்ளே இருந்த பறவைக் கணக்கை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. லாட் எண்ணை நில அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்து, அதன்மேல் புள்ளிகளையும் நீங்கள் கேட்கும் பட்டையையும் வண்ணத்தில் குறியுங்கள்.

மூன்றாவதாக, சுட்டிப் பறவைகளின் அட்டவணை. மலாய்ப் பெயரும் அறிவியல் பெயரும், மூன்று வகை இடங்களில் எத்தனை புள்ளிகளில் அது பதிவானது என்பதும் போதும். தமிழ்ப் பெயர் நம் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அதிகாரிக்கு அறிவியல் பெயர்தான் சட்ட அட்டவணையோடு ஒப்பிடக் கைகொடுக்கும். நான்காவதாக, உங்கள் கணக்கின் எல்லைகள்: எத்தனை முறை எண்ணப்பட்டது, எந்த மாதங்கள் விடுபட்டன, யார் எண்ணினார்கள்.

மிகைப்படுத்தாதீர்கள். செம்பனைக்கு நடுவே விடப்பட்ட சிறு காட்டுத் துண்டுகளில், அழியும் நிலைப் பறவைகளின் எண்ணிக்கை தொடர்ச்சியான காட்டில் இருப்பதைவிட 60 மடங்கு குறைவு என்று சபாவில் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் ஆற்றோரப் பட்டை காட்டுக்கு ஈடு என்று வாதாடினால், எதிர்த்தரப்பு ஆலோசகர் இந்த ஒரு எண்ணை வைத்தே உங்களை உட்கார வைத்துவிடுவார். காட்டோடு தொடர்பைக் காப்பதும், கரையை நிறுத்தி வைப்பதும்தான் அந்தப் பட்டையின் வேலை என்று எழுதினால் அதை மறுப்பது கடினம்.

கூண்டு வணிகத்துக்காகப் பிடிக்கப்படும் இனங்களின் சரியான இடத்தைப் பொது ஆவணத்தில் போடக் கூடாது. பாராவ் பாராவ் எனப்படும் கொண்டைக்குருவி 2018 முதல் உலக அளவில் மிக மோசமான அழிவுநிலைப் பட்டியலில் இருப்பது இந்த வணிகத்தால்தான். அத்தகைய பறவையோ இருவாச்சிக் கூடோ கிடைத்தால், வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் கட்டமாக மட்டும் காட்டி, துல்லியமான இடத்தை பெர்ஹிலித்தானுக்குத் தனிக் கடிதத்தில் கொடுங்கள். ஈபேர்ட் இவ்வகை இனங்களில் சிலவற்றின் இடத்தைத் தானே மறைத்துவிடும். வாட்ஸ்அப் குழு மறைக்காது.

8. யாரிடம், எப்போது

இரண்டு கதவுகள் உள்ளன. ஒன்று தோட்ட நிர்வாகம். 2020 ஜனவரி முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயம், சில நிறுவனங்கள் விரும்பி அனைத்துலக அளவிலான ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழும் வைத்திருக்கின்றன. சான்றிதழ் ஐந்தாண்டுக்கு, தணிக்கை ஆண்டுதோறும். ஆர்.எஸ்.பி.ஓ. முதன்மைத் தணிக்கைக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் பொது அறிவிப்பு வர வேண்டும், அப்போது அக்கம்பக்கத்தாரின் கருத்தைத் தணிக்கையாளர் கேட்பார். உங்கள் அறிக்கையின் பிரதி அதற்கு முன்பே மேனேஜரிடம் சேர்ந்திருந்தால், "இதற்கு என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி தணிக்கையாளரிடமிருந்து வரும். ரப்பர் தோட்டத்துக்கு இந்தச் சான்றிதழ்த் தணிக்கை வழி கிடையாது. மறுநடவு ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒரு முறை வருவதால், உங்கள் பீல்டில் மரத்தின் வயதைக் கேட்டறிந்து, 20ஐத் தாண்டியிருந்தால் விரைந்து செயல்படுங்கள். கன்று நட்ட பிறகு கரை மரங்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மற்றொன்று நகராண்மைக் கழகம். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சாரில் இருக்கிறது. ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் வட்டாரத் திட்டத்தின் வரைவு, 1976ஆம் ஆண்டின் 172ஆம் எண் நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டப்படி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்துச் சொல்லக் கிடைக்கும் காலம் நான்கு வாரத்துக்குக் குறையாது, ஆனால் அதைவிட நெடுங்காலம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அறிவிப்பு நாளிதழிலும் கழகத்தின் பலகையிலும் வரும். தமிழ் நாளிதழை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிட வாய்ப்புண்டு, ஆகவே கவுன்சிலரிடமும் திட்டப் பிரிவு முகப்பிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை விசாரியுங்கள். வரைவு வெளியான பிறகு பறவை எண்ணத் தொடங்கினால் நான்கு வாரம் போதாது. கணக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வேறு வழியில்லாவிட்டால் கிடைத்த நாட்களில் எண்ணி, இது விரைவுக் கணக்கு என்று தலைப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.

கருத்துப் படிவத்தில் லாட் எண்ணையும், வரைவில் அந்த நிலத்துக்குக் கொடுக்கப்பட்ட, நிலப் பயன்பாட்டைக் காட்டும் வண்ணத்தையும், அதை எதுவாக மாற்ற வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். 'நேரில் விளக்கம் அளிக்க விரும்புகிறோம்' என்ற கட்டத்தில் அடையாளமிட மறக்காதீர்கள்.

9. கொடுத்த பிறகு

இரண்டு பிரதிகளோடு போய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் முகப்பைவிட்டு நகர வேண்டும். நேர்விளக்கத்துக்கு அழைத்தால் இரண்டு பேர் போதும், ஒருவர் பேசவும் மற்றவர் வரைபடத்தைப் பிடிக்கவும். சில நிமிடங்களே கிடைக்கும். கோரிக்கை, வரைபடம், இரண்டு சுட்டிப் பறவைகள் என்ற வரிசையில் பேசுங்கள். பறவைகளின் அழகைப் பற்றிப் பேச அங்கே நேரம் இராது.

திட்டம் அரசிதழில் வெளியானதும் உங்கள் லாட்டின் வண்ணத்தைப் பழைய வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும், மறு ஆண்டு அதே மாதங்களில் அதே புள்ளிகளில் நின்று எண்ணுங்கள், ஏனெனில் ஒரே ஆண்டின் கணக்கால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்ட முடியாது. களத்தில் எழுதிய மூலத்தாள்களைப் படமெடுத்து ஈபேர்டில் முழுப்பட்டியலாக ஏற்றிவிட்டு, மூலத்தை ஒருவர் வீட்டில் வைக்காமல் பள்ளி அலுவலகத்தில் ஒரு கோப்பில் போடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கென்று ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விடுகிறார்கள், அடுத்து எண்ண வருகிறவருக்குப் புள்ளிகள் எங்கே என்று தெரிய வேண்டும்.